ஸலாஹுதீன் எழுதிய நாள்

கற்பிட்டியில் ஸலாஹுதீனைத் தெரியாதவர்கள் இல்லை. சிலருக்கு அவர் எழுத்தாளர். சிலருக்கு இன்றும் கொலைகாரர். எனக்கு அவர், புத்தளத்தில் என் அச்சகம் அடித்துக் கொடுத்த அவருடைய புத்தகத்தில் நூற்றுப் பதினேழு எழுத்துப் பிழை பிடித்து, சிறையிலிருந்து கடிதம் போட்ட மனிதர்.

2005இல் அவருக்கு முப்பத்திரண்டு வயது. கடலை ஒட்டிய உப்பு ஏரியான களப்பில் நண்டு வலை போடுவது தொழில். நஸ்ஹாவைக் கலியாணம் முடித்து நாலு வருடம் ஆகியிருந்தது. பக்கத்து இறால் பண்ணை திறந்துவிட்ட அழுக்குத் தண்ணீரில் அந்த வருடம் நண்டெல்லாம் செத்து மிதந்தது. ஆத்திரம் தாங்காமல் பண்ணைக் காவலாளி இன்னாசிப்பிள்ளையிடம் போய்ச் சண்டை பிடித்தார். "உன்னப் பாத்துக்கொள்றன்" என்று நாலு பேர் கேட்கக் கத்திவிட்டு வந்தார்.

ஆறாம் நாள் விடிந்தபோது இன்னாசிப்பிள்ளை பண்ணை வரம்பில் தலை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் ஸலாஹுதீனின் துடுப்பு கிடந்தது.

துடுப்பு காணாமற்போய் இரண்டு நாள் என்றார் ஸலாஹுதீன். அன்று மூங்கில் கம்பை ஊன்றித் தோணியை விட்டதாகவும், விடியும்போது களப்பின் அக்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். தனியாகப் போனவருக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள்? வழக்கு முடியும்வரை நாலு வருடம் விளக்கமறியல் சிறை. அதன் பிறகு மரண தண்டனை. நம் நாட்டில் தூக்கில் போடுவது நின்று எவ்வளவோ காலம். ஆனாலும் அந்தத் தீர்ப்பைக் கேட்ட நஸ்ஹா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை.

மேன்முறையீட்டுக்கு ஸும்ரா என்ற இளம் சட்டத்தரணி வந்தார். ஸலாஹுதீனை அண்ணன் முறையில் 'நானா' என்றே கூப்பிடுவார். "நானா, அண்டைக்கு எழும்பினதிலயிருந்து செஞ்சது எல்லாத்தையும் எழுதித் தாங்க. ஒண்டையும் விடாதீங்க" என்றார்.

ஸலாஹுதீன் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனாலும் விடாதீங்க என்றால் அவர் விடுகிற ஆளில்லை. சுபஹு தொழுதது, நஸ்ஹா சீனி போட மறந்த தேத்தண்ணி, வாடைக் காற்றில் தோணி எந்தப் பக்கம் இழுத்தது, வலையில் சிக்கிய நண்டின் காலை உடைக்காமல் எடுப்பது எப்படி என்று எழுதிக்கொண்டே போனார். ஒரு நண்டைச் சொன்னால் இன்னொன்று ஞாபகம் வந்தது. சண்டைக்கு முன் பழகிய இன்னாசிப்பிள்ளையும் ஞாபகத்தில் வந்தார். ஐந்து கொப்பி நிரம்பியது.

ஸும்ரா ஒரே மூச்சில் வாசித்துவிட்டு வந்தார். "கோட்டுக்கு இதுல ரெண்டு பக்கம் போதும், நானா. ஆனா மத்ததையும் வீசிராதீங்க."

மேன்முறையீடு தோற்றது. அடுத்த கிழமையே ஸும்ரா அந்தக் கொப்பிகளோடு என் அச்சகத்துக்கு வந்தார். முதல் பக்கத்திலேயே எனக்கும் ஸலாஹுதீனுக்கும் தகராறு. "இந்த நாளில் நான் யாரையும் கொல்லவில்லை" என்ற வரியோடு புத்தகம் தொடங்கியது. அதை எடுத்துவிட்டால் வாசகர்கள் நிம்மதியாக வாசிப்பார்கள் என்று எழுதினேன். பதில் வந்தது: "அந்த வரிக்காகத்தான் மற்றதெல்லாம் எழுதினேன்."

வரி இருந்தது. 'களப்பில் ஒரு நாள்' என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூட மண்டபத்தில் வெளியீடு நடந்தபோது ஊரில் பாதிப்பேர் வரவில்லை. நஸ்ஹா முன்வரிசைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

சிறையில் அவர் அதைச் சக கைதிகளுக்கு வாசித்துக் காட்டினாராம். முப்பத்தோராம் பக்கத்தில் 'நண்டு' எல்லாம் 'நன்று' ஆகியிருந்ததில் பெரிய சிரிப்பாம். பிழைப் பட்டியல் கடிதத்தின் கடைசியில் இப்படி இருந்தது: "இங்கே எல்லாரும் அடுத்த புத்தகம் எப்ப என்று கேட்கிறார்கள். நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்தது பாவமா என்று தெரியவில்லை."

இடையில் ஒருவர் நல்ல மனதோடு ஒரு யோசனை சொன்னார். செய்ததற்கு வருந்துவதாக ஒரு மனு எழுதினால் தண்டனை குறையலாம் என்றார். பார்க்கப் போன நஸ்ஹா கெஞ்சினாள். "எழுதிக் குடுங்க. எனக்கு நீங்க வீட்டுக்கு வந்தாப் போதும்."

"செய்யாததுக்கு எப்படிப் புள்ள வருந்துற?"

அன்று அவள் கோபித்துக்கொண்டு, கொண்டுபோன சாப்பாட்டுப் பார்சலைக் கூடக் கொடுக்காமல் திரும்பினாள். அடுத்த மாதம் இரண்டு பார்சல் கொண்டுபோனாள்.

அந்த மனு இல்லாமலே, மற்ற மரண தண்டனைக் கைதிகளோடு சேர்த்து அவருடையதும் ஆயுள் தண்டனையாகி, பின்பு வருடக் கணக்காகக் குறைந்தது. 2023இல் வெளியே வந்தார். குற்றவாளி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. காலம் முடிந்தது, விட்டார்கள், அவ்வளவுதான்.

வந்து இரண்டு மாதத்தில், ஒரு ஞாயிறு பூசை முடிந்து இன்னாசிப்பிள்ளையின் மனைவி யூஜினி ஸலாஹுதீன் வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். யூஜினியின் கையில் 'களப்பில் ஒரு நாள்'. நஸ்ஹா பயத்தில் கதவோரம் நின்றாள்.

"தம்பி, அவர் பீடி நினைப்பு வந்தா வறுத்த புளியங்கொட்டையக் கடிப்பார் எண்டு எழுதியிருக்கிறீங்க. உண்மையா?"

"ஓம் அக்கா. சேட்டுப் பொக்கட்டுல எப்பவும் வைச்சிருப்பார். வீட்டுல சத்தியம் பண்ணிட்டன் எண்டு சொல்லுவார்."

யூஜினி புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். "அந்தச் சத்தியத்த நான் நம்பயில்ல. வேலைக்குப் போய்ப் பீடி குடிக்கிறார் எண்டு கடைசி நாளும் ஏசித்தான் அனுப்பினன்." பிறகு நேராகப் பார்த்துக் கேட்டார். "நீங்களா செஞ்சது?"

"இல்ல அக்கா."

"நம்புறதா இல்லையா எண்டு எனக்குத் தெரியா."

"தெரியாட்டிப் பரவாயில்ல."

யூஜினி எழும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. "புத்தகத்தில எழுதாம விட்டது ஏதும் இருக்கா, அவரைப் பத்தி?"

இருந்தது. பண்ணை மதகில் சிக்கும் குஞ்சு நண்டுகளை அவர் பொறுக்கிக் களப்பில் விடுவது, மழையில் நனைந்து வந்த ஸலாஹுதீனுக்குத் தன் மரவள்ளிக் கிழங்கில் பாதி கொடுத்தது, பாட்டென்று நினைத்து அவர் போட்ட சத்தம். அந்தச் சத்தத்தை ஸலாஹுதீன் போட்டுக் காட்டியபோது யூஜினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நஸ்ஹா தேத்தண்ணி ஊற்றப் போனாள். மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்வரை யூஜினி இருந்தார்.

இப்போது ஸலாஹுதீனுக்குத் தலை நரைத்துவிட்டது. காலையில் வலைக்குப் போகிறார், பகலில் எழுதுகிறார். இரண்டாவது புத்தகம் நஸ்ஹாவைப் பற்றியது, பதினெட்டு வருடம் அவள் அவரைப் பார்க்கக் கொழும்புச் சிறைக்குப் போன பஸ் பயணங்கள். போன கிழமை நான் போனபோது வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் மீன் கழுவியபடியே இடைமறித்தாள்.

"அந்த பஸ் சிலாபத்தில நிக்காது. உங்களுக்கு என்ன தெரியும்? நீங்களா போனீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே வரியை வெட்டினார். "சரி, நீ சொல்லு. எங்க நிக்கும்?"