பிரிய மறுத்த தொட்டி

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் எழுபதுகளின் கடைசியில் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கழிவுத் தண்ணீரிலிருந்து அசிட்டிக் ஆசிட்டை மீட்டு விற்றவன் நான் ஒருவன்தான். வேறு யாரும் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

அவனியாபுரத்துக்குத் தெற்கே வயலை ஒட்டி என் பட்டறை. ஒரு மருந்துக் கம்பெனி தன் புளிப்புத் தண்ணீரை டேங்கர் லாரியில் தினமும் கொண்டுவந்து இறக்கும். அதை இரும்புத் தொட்டியில் விட்டு எத்தில் அசிடேட்டை ஊற்றிக் கலக்குவோம். பழவாடை அடிக்கிற திரவம் அது. கலக்கும்போதே ஆசிட் தண்ணீரை விட்டு அதற்குள் ஏறிக்கொள்ளும். அசையாமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் அது மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்து நிற்கும். மேலே நிற்பதை எடுத்துக் காய்ச்சினால் எத்தில் அசிடேட் ஆவியாகிக் குளிர்ந்து கைக்குத் திரும்பும், ஆசிட் அடியில் தங்கும். சாயப்பட்டறைக்காரர்கள் கேனோடு வந்து காத்துக் கிடப்பார்கள். கழிந்த தண்ணீருக்குச் சுண்ணாம்பு போட்டுக் குழியில் விடுவேன்.

குழிக்குக் கீழே வாய்க்கால், அதற்கும் கீழே ஒருவருடைய நெல் வயல். மாமன் மாப்பிள்ளை முறை வைத்துப் பேசிக்கொள்வோம். பட்டறை தொடங்கிய அன்றே சொல்லிவிட்டார்: "ஒரு சொட்டு என் வாய்க்கால்ல எறங்குச்சு, ஊரக் கூட்டி ஒன் கேட்டுக்கு முள்ள வெட்டிப் போட்டுருவேன் மாப்ள." நானும் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

தொழிலுக்கு வழி காட்டியவர் பசுமலையில் குடியிருந்த ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியார். "தொட்டிக்குள்ள சோப்பு மட்டும் படவே கூடாது" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆயுத பூஜை வந்தது. அழுக்குத் தொட்டிக்குச் சந்தனம் பூச எனக்கு மனம் வரவில்லை. சோப்புதானே கூடாது? பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரை பொங்கப் பொங்கத் தேய்க்கச் சொன்னேன். பட்டுச் சேலைக்கே கெடுதல் செய்யாத காய், இரும்பை என்ன செய்துவிடும்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து, கைவசமிருந்த எத்தில் அசிடேட் முழுவதையும் ஊற்றிக் கலக்கினோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. தொட்டியின் பக்கத்தில் பொருத்திய கண்ணாடிக் குழாயில் இரண்டும் பிரிகிற கோடு விழவில்லை. உள்ளே எல்லாம் மோர்போல ஒரே வெள்ளை. சாயங்காலமும் அப்படியே, மறுநாளும் அப்படியே.

டேங்கர் நிற்கவில்லை. "முடியாது" என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு நாள் தண்ணீரையும் குழியிலேயே இறக்கச் சொன்னேன். வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. குழியின் கரையைச் சாணால் அளப்பதும், ஓடிவந்து குழாயைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

மாமன் வரப்பில் நின்றார். "என்ன மாப்ள, குழியில மீன் வளக்கப் போறியா? இம்புட்டுத் தண்ணி நிக்குது!"

"ரெண்டு நாள்ல வத்திரும் மாமா."

"மழை ஒன்னையக் கேட்டுட்டா வரும்?"

மூன்றாம் நாள் காலையில் வாத்தியாரைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிவந்தேன். ஒரு பாட்டிலில் பிடித்துக் குலுக்கினார். நுரை அடங்கவே இல்லை.

"சோப்புப் போட்டீங்களா?"

"சத்தியமா இல்ல சார். பூந்திக்கொட்டைதான்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்த நுரையும் சோப்பு வேலையைத்தான்யா செய்யும். ரெண்டையும் பிரிய விடாது." பிறகு பாட்டிலில் ஒரு பிடி உப்பைப் போட்டார். அரை மணி கழித்து மேலே ஒரு விரற்கடை தெளிந்தது. உப்பு வாங்கக் கீழமாசி வீதிக் கடைகளுக்கு ஆள் ஓடினான். மூட்டை மூட்டையாகக் கல்லுப்பைத் தொட்டிக்குள் தட்டினோம். இனி காத்திருக்க வேண்டியதுதான்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அதே நேரத்தில் வாசலில் டேங்கர் ஹாரன். குழியில் நான்கு விரல்தான் மிச்சம்.

"திருப்பிக் கொண்டு போயிருங்க" என்றேன் டிரைவரிடம்.

"அண்ணே, யோசிச்சுப் பேசுங்க. ஒருவாட்டி திருப்புனா கம்பெனில வேற எடம் பாத்துருவாங்க. கேட்டு வாங்குறதுக்கு ரெண்டு பேரு நிக்கிறாய்ங்க."

"தெரியும்யா. எடு வண்டிய."

வண்டி திரும்பியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆட்களோடு குழித் தண்ணீரை வாளியால் மொண்டு காலி பீப்பாய்களில் ஊற்றினேன். மொண்ட அளவுக்கு மழையும் ஊற்றியது. கரையில் ஒரு மூலை கரைந்தது. அப்போது மாமன் மம்பட்டியோடு இறங்கினார். எனக்கு உதவ வரவில்லை, தன் நெல்லைக் காப்பாற்ற வந்தார். "படிக்காத பயலுக்கு ஆசிட்டு என்ன வேண்டிக் கெடக்கு!" என்று வைதபடியே மண்ணை வெட்டிப் போட்டார். நான் அதை மிதித்து இறுக்கினேன். இரண்டு மணி நேரம்.

மழை விட்டபோது தண்ணீர் கரையின் விளிம்பில் நின்றது. வாய்க்காலில் ஒரு சொட்டு இறங்கவில்லை. மாமன் குனிந்து வாய்க்கால் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். துப்பிவிட்டு மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கண்ணாடிக் குழாயில் கோடு விழுந்திருந்தது. மேலே பளிங்காக, வாரக்கணக்கில் ஓட்டுவதற்கான எத்தில் அசிடேட் முழுசும் நின்றது. நான் வாசலில் போய் உட்கார்ந்து டேங்கருக்காகக் காத்திருந்தேன். பத்து மணியாயிற்று, பன்னிரண்டாயிற்று. அது வரவில்லை. அதற்குப் பிறகும் வரவே இல்லை.