புடைப்பின் மேல் வைத்த பொட்டு

ஆயுதபூசைக்காக மகளின் கார் டயரில் சந்தனம் வைக்கக் குனிந்தேன். ரப்பர் வாசம் மூக்கில் ஏறியது. எட்டு வயதில் அப்பாவின் அம்பாசிடருக்குப் பொட்டு வைத்த அன்றும் இதே வாசம்தான். அந்த அம்பாசிடரின் முன்டயர் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருந்தது. சொல்ல வாயெடுத்தேன். சுற்றி நின்ற மாமன்மார் என்னைப் பார்க்கவும் கூச்சம் வந்து, அந்தப் புடைப்பின் மேலேயே குங்குமத்தை வைத்துவிட்டேன்.

"அம்மணி வெச்ச பொட்டுல டயரே சிரிக்குது பாருங்க!" என்றார் அப்பா.

மறுநாள் கொடுமுடி போகும் வழியில் அந்த டயர் வெடித்தது. அதன்பின் கடைசிவரை அப்பா ஊன்றுகோலோடுதான் நடந்தார். நான் பார்த்ததை அவரிடம் சொல்லவே இல்லை.

"ஏனுங்கம்மா, டயரை இத்தன நேரம் தடவறீங்க?" என்றாள் மகள்.

"சும்மாதான் கண்ணு."

நான்கு டயரையும் தடவிப் பார்த்த பிறகே குங்குமத்தைத் தொட்டேன்.