வைவாவில் மதினி கேட்ட கேள்வி

போன வியாழக்கிழமை எனக்குக் கிடைத்த உத்தியோகம், வடை மேற்பார்வையாளர்.

வடை, கேசரி, இரண்டு பெரிய கேன் நிறையக் காபி. எல்லாவற்றையும் எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றின் செமினார் ஹால் வாசலில் இறக்கிவைத்து, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே என் மனைவி முத்துச்செல்விக்கு வைவா.

வைவா என்றால் பிஎச்.டி. பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய ஆய்வை, வெளியூரிலிருந்து வரும் ஒரு பேராசிரியர் முன்னால் விளக்க வேண்டும். அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அவருக்குத் திருப்தி என்றால்தான் பட்டம். இதில் ஒரு விசேஷம் — யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். யார் வேண்டுமானாலும் கேள்வியும் கேட்கலாம்.

இந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதை நான் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது... தாயில்பட்டி வரை கேட்டுவிட்டது.

தாயில்பட்டிதான் செல்விக்குப் பிறந்த ஊர். அவளுடைய அண்ணன் மாரிச்சாமி அங்கே மினி லாரி ஓட்டுகிறார். அவர் மனைவி பாண்டியம்மாள் பட்டாசு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். செல்விக்கு மதினி, எனக்குத் தங்கை முறை. அன்றைக்கு இருவரும் ஒரு வேன் பிடித்து, தெருவில் பாதிப் பேரை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அத்தனை பெண்களும் பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. ஒருவர் கையில் தாம்பாளம் — ஆப்பிள், கற்கண்டு, வெற்றிலை பாக்கு. வளைகாப்புக்கு வந்தது மாதிரிதான் வந்தார்கள்.

செல்வியின் ஆய்வு நெறியாளர் திகைத்துப் போனார். "சார், இவங்கள்லாம்...?"

"பப்ளிக்தான் மேடம்" என்றேன்.

அந்த நெறியாளர் செல்வியைவிட எட்டு வயது இளையவர். இவள் அவரை 'மேடம்' என்பாள். அவரும் கூச்சப்பட்டுக்கொண்டு இவளை 'மேடம்' என்பார். முதல் அத்தியாயத்தை அவர் சிவப்பு மையால் குளிப்பாட்டித் திருப்பிக் கொடுத்த அன்று, செல்வி வீட்டுக்கு வந்து யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலையில்தான் வாய் திறந்தாள். "அந்தப் பிள்ளை சொல்றது சரிதாங்க. முதல்ல இருந்து எழுதணும்."

எழுதினாள்.

பன்னிரண்டாம் வகுப்போடு கல்யாணம் ஆனவள் அவள். முப்பத்தாறு வயதில், இளையவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தாள். "மருமக எடுக்கப் போற வயசுல மார்க் எடுக்கப் போறாளாம்" என்று எங்கள் தெருவில் ஒரு ஜோக் கொஞ்ச நாள் ஓடியது. பி.ஏ. முடித்தாள். ஜோக் நின்றது. எம்.ஏ. பொருளாதாரம் முடித்தாள். ஜோக் சொன்ன அம்மாவே தன் மகளுக்கு எந்த காலேஜ் நல்லது என்று கேட்டு வந்தார்.

'நான்தான் என் பெண்டாட்டியைப் படிக்க வச்சேன்' என்று மேடையில் சொல்லும் கணவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரும் யாரையும் படிக்க வைப்பதில்லை. படிக்கிறவர்கள் படிக்கிறார்கள். மற்றவர்கள் டி.வி. சத்தத்தைக் குறைக்கலாம். நான் குறைத்தேன். அவ்வளவுதான் என் பங்கு.

வைவாவுக்கு வருகிறேன்.

செல்வியின் ஆய்வு, பட்டாசு வேலைக்குப் போகும் பெண்களின் படிப்பைப் பற்றியது. ஏன் பாதியில் நின்றார்கள், எந்த வகுப்பில் நின்றார்கள், இப்போது அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்... தாயில்பட்டியிலும் எம். புதுப்பட்டியிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். வேன் பெண்களில் முக்கால்வாசிப் பேர் அவளுக்குப் பதில் சொன்னவர்கள்தான்.

திரையில் படங்கள் போட்டு ஆங்கிலத்தில் விளக்கினாள். நன்றாகத்தான் போனது. வேன் கூட்டம் ஒரு வார்த்தை புரியாமல், ஒரு சின்ன இருமல்கூட இல்லாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு வெளியூர்ப் பேராசிரியர் கேள்விகளை ஆரம்பித்தார். வயதானவர், மெல்லிய குரல். மெல்லிய குரல்காரர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் ஓர் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"மறுபடி படிக்க விருப்பமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'ஆம்' என்று ஒரு கட்டம், 'இல்லை' என்று ஒரு கட்டம். சரி. மூன்றாவதாக 'சிரித்தார்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே... இது என்ன ஆய்வு முறை?"

ஆங்கிலத்தில் கேட்டார். இவளும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் போனது. மூன்றாவது வாக்கியம் பாதியில் நின்றது. வேறு மாதிரி தொடங்கினாள், அதுவும் நின்றது. தண்ணீர் பாட்டிலை எடுத்தவள், குடிக்காமல் கீழே வைத்தாள். பேராசிரியர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தாளில் ஏதோ எழுதிக்கொண்டார்.

வாசலில் நின்ற நான் வடையை மறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கூடவே வாழ்ந்தவனுக்குத் தெரியாதா? பதில் அவளிடம் இருக்கிறது. மொழி வழிவிடவில்லை.

"அவையிலிருந்து யாராவது கேட்கலாம்" என்றார் துறைத் தலைவர்.

இதற்கென்று ஏற்பாடாக இருந்த ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர் எழுந்து, ஏற்பாடான கேள்விகளைக் கேட்டார்கள். ஏற்பாடான பதில்கள் வந்தன. சுபம் என்று முடிக்கிற நேரத்தில்... நடு வரிசையில் ஒரு வளையல் கை உயர்ந்தது.

பாண்டியம்மாள்.

நெறியாளர் என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன்.

"நானும் கேக்கலாமா சார்?"

"தாராளமா கேளுங்கம்மா" என்றார் பேராசிரியர், தமிழில்.

பாண்டியம்மாள் எழுந்து நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "இம்புட்டு நேரம் இங்கிலீசுல பேசுனா. நல்லாத்தான் பேசுனா, அதுல ஒண்ணும் குறை இல்ல. ஆனா எங்களப் பத்தித்தான் எழுதியிருக்கா. எங்க வீட்டுக்கு வந்து உக்காந்து, காப்பி குடிச்சுக்கிட்டே கேட்டு எழுதிட்டுப் போனா. என்ன எழுதிருக்கான்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நியாயமான கேள்வி. மேடம், தமிழ்லயே சொல்லுங்க."

ஆங்கிலத்துக்கு ஒரு மாதம் ஒத்திகை பார்த்தவள் செல்வி. தமிழுக்கு ஒத்திகை இல்லை. அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு — ஒருவரைப் பற்றி எழுதியதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்வது. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன், எனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம்.

மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவில் வந்து நின்றாள்.

"மதினி, நம்ம பக்கத்துப் பொம்பளைக ஏன் படிப்ப விட்டாகன்னு கேட்டா, எல்லாரும் வறுமைன்னு ஒத்த வார்த்தையில முடிச்சிருவாக. நீங்க யாரும் அப்படிச் சொல்லல. ஒருத்தவுக, ஸ்கூலு தூரம், பஸ்ஸு இல்லன்னாக. ஒருத்தவுக, வயசுக்கு வந்தப்புறம் அனுப்பலன்னாக. ஒருத்தவுக, தம்பி பிறந்தான், தூக்கி வச்சிருக்க ஆள் இல்லன்னாக. ஒவ்வொண்ணையும் தனித்தனியா எழுதியிருக்கேன். யாரையும் பாவம்னு எழுதல."

வேன் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கடைசியா ஒரு கேள்வி கேட்டேன். இப்ப வாய்ப்பு வந்தா படிப்பீகளான்னு. சிலரு ஆமான்னாக, சிலரு இல்லன்னாக. நெறையப் பேரு சிரிச்சீக. அதை 'இல்லை'ன்னு போட்டுக்கலாம், வேலை சுளுவா முடியும்னு சிலரு சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. சிரிச்சா வேண்டாம்னு அர்த்தமா? தெரியாத ஒண்ண நானா எப்படி எழுத முடியும்? அதான் சிரிப்புக்குன்னு ஒரு கட்டம் போட்டேன்."

பேராசிரியரின் விரல் அந்த அட்டவணை மேல் இருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் அவர் கேட்ட கேள்விக்குத்தான் இது பதில் என்பது ஹாலில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பாண்டியம்மாள் உட்காரவில்லை.

"சிரிச்சவள்ல நானும் ஒருத்திதான?"

"ஆமா மதினி."

"ஏன் சிரிச்சேன்னு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"பிள்ளைகள எம்புட்டு படிக்க வப்பன்னு எல்லாரும் கேப்பாக. நீ படிக்கியான்னு எங்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல. நீதான் முதல்ல கேட்ட. கூச்சமா இருந்துச்சு, சிரிச்சுட்டேன். வீட்டுக்குப் போயி ரொம்ப நாளா யோசிச்சுப் பாத்தேன். ஆமான்னு எழுதிக்கோ."

செல்வி மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பேராசிரியர்தான் பேசினார். "மேடம், புத்தகமா போடும்போது அந்த மூணாவது கட்டத்தை எடுத்துராதீங்க." பிறகு எழுந்து நின்று, முறைப்படி ஆங்கிலத்தில் அறிவித்தார் — முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று.

வேன் கூட்டத்துக்கு அந்த ஆங்கிலம் மட்டும் உடனே புரிந்துவிட்டது. யார் தொடங்கினார்களோ தெரியாது... குலவை. அந்த செமினார் ஹால் எத்தனையோ கைதட்டல்களைக் கேட்டிருக்கும். குலவை கேட்டது அன்றைக்குத்தான் முதல் முறையாக இருக்கும். நெறியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார். துறைத் தலைவர், தாம்பாளத்தை யார் வாங்குவது என்று தெரியாமல் தானே வாங்கிக்கொண்டார்.

கேசரி ஆறிப்போயிருந்தது. யாரும் கவலைப்படவில்லை, மேற்பார்வையாளர் உட்பட. என் பெண்டாட்டி டாக்டர் என்று காபி ஊற்றுகிற தம்பியிடம் இரண்டு தடவை சொன்னேன். "முதல் தடவையே கேட்டுச்சு சார்" என்றான்.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. எங்களை வீட்டில் இறக்கிவிட வேன் வந்து நின்றபோது மாரிச்சாமியின் முகம் சரியில்லை. இறங்கியதும் பாண்டியம்மாளிடம் கேட்டுவிட்டார்.

"சபையில வச்சு அப்படிச் சொல்லலாமா? நாளப்பின்ன, பாண்டியம்மா எப்பப் படிக்கப் போறான்னு ஊரே கேக்கும். தீபாவளி சீசன் நேரத்துல படிப்பு என்ன வேண்டிக்கெடக்கு."

பாண்டியம்மாள் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னார். "சீசன் வருசா வருசம் வரும். எனக்கு வருசம் போய்க்கிட்டுல இருக்கு."

மாரிச்சாமி வேனில் ஏறிக்கொண்டார். வேன் போய்விட்டது. செல்வி வாசலிலேயே நின்றாள். பட்டம் வாங்கிய முகமாக இல்லை. "நான் அந்தக் கேள்வியக் கேட்டிருக்கக் கூடாதோ?" என்றாள். கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது ஆராய்ச்சிக்குச் சரி. குடும்பத்துக்குச் சரியா?

வெள்ளி, சனி இரண்டு நாளும் தாயில்பட்டியிலிருந்து போன் இல்லை. இவளும் போட்டுப் பார்க்கவில்லை. வாழ்த்துச் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் சிரித்து, காபி கொடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பைக் சத்தம். மாரிச்சாமி ஓட்டி வந்திருந்தார். பின்னால் பாண்டியம்மாள், மடியில் ஒரு மஞ்சப்பை. உள்ளே பத்தாம் வகுப்புப் புத்தகங்கள், மகன் படித்து வைத்தவை.

"எட்டாவது பாஸ் பண்ணிருந்தா நேரா பத்தாவது எழுதலாம்னு வீட்டுக்குக் கேள்வி கேக்க வந்தப்ப நீ சொன்னேல்ல" என்றார் செல்வியிடம். "கணக்குத்தான் பயமா இருக்கு. இங்கன வந்தா சொல்லித் தருவியா?"

மாரிச்சாமி செருப்பைக் கழற்றிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "ஞாயித்துக்கெளம மட்டும்னா நானே கொண்டாந்து விடுறேன். பஸ்ஸுல எதுக்கு அலையணும்."

அதற்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் மரியாதை.

நம் ஊரில் படிப்பைப் பாதியில் விட்டவர்களிடம் 'ஏன் விட்டே' என்று கேட்க ஆயிரம் பேர் இருக்கிறோம். 'எப்ப மறுபடி' என்று கேட்கத்தான் ஆளைக் காணோம். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதிலுக்குச் சிரிப்பு வந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள்.

பெண்கள் இருவரும் முன்னறையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தார்கள். ஆண்கள் இருவருக்கும் அங்கே வேலை இல்லை. அடுப்படிக்குப் போனோம். நான் டீ போட்டேன். அவர் பாத்திரம் பாத்திரமாகத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மச்சான், இது எம்புட்டு வருசம் ஓடும்?"

"எங்க வீட்டுல பதினாலு வருசம் ஓடுச்சு, மாப்ள."

மாரிச்சாமி டீயை ஒரு வாய் குடித்தார்.

"அப்ப டீ மட்டும் பத்தாது. ரசம் வைக்கவும் சொல்லிக் குடுத்துருங்க."