மாமா படம் போட்ட வெடி

இப்போது இணையத்தில் தேடினால் என் மாமா பெயர் எங்கேயும் அகப்படாது. அம்மாவின் தம்பி. அந்தக் காலத்தில் டிவியில் காட்டிய தேசியக் குத்துச்சண்டைப் போட்டியில் அரையிறுதி வரை போனவர். வெடி செய்து பிழைக்கும் எங்கள் திருத்தங்கலுக்கு அதுவே உலக சாதனை. அச்சகம் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் உடனே மாமாவின் படத்தை வெடி லேபிளாக அடித்துவிட்டார். சிவப்புக் கையுறையோடு மாமா ஒவ்வொரு வெடியின் மேலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அரையிறுதி அன்று தெருவே எங்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. இடம் கிடைக்காத இளவட்டங்கள் வாசலில் மாமா வெடியைக் கொளுத்தினார்கள். முதல் வெடி வெடித்த அதே நேரம் டிவியில் மாமாவின் முகத்தில் ஒரு குத்து விழுந்தது. எனக்கு ஏழு வயது, தற்செயல் என்பதெல்லாம் தெரியாது. அடுத்த வெடிக்கும் அடி விழுந்தது. இங்கே அவர் படம் கிழியக் கிழிய அங்கே அவருக்கு அடி விழுகிறது, இதைப் போய் யாரிடம் சொல்வது? அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“சும்மா இருடி, ஒங்க மாமன் இப்ப அடிக்கப் போறான் பாரு” என்று கையைத் தட்டிவிட்டாள்.

மாமா கயிற்றில் சாய்ந்து தள்ளாடினார். கண்ணோரம் ரத்தம். வெளியே ஒருவன், “இன்னொண்ணு வைலே” என்றான். இன்னொன்று வெடித்தால் மாமா செத்தே போவார் என்று பயந்து வாசலுக்கு ஓடினேன். திரி சீறிக்கொண்டிருந்தது. கையில் எடுத்துவிட்டேன். தூர எறிவதற்குள் வெடித்துவிட்டது.

உள்ளங்கை வெந்து, காது அடைத்து, கட்டோடு கிடந்தேன். தோற்றுப்போன மாமா புருவத்தில் தையலோடு ஊர் திரும்பினார். தோள் பையைக்கூட இறக்காமல் என் கையைத் தூக்கி, விரல்கள் அசைகின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

“எங்கயோ போயி நான் அடி வாங்குறது எதுக்குக்கா? ஜெயிச்சா கவர்மென்ட்டு வேல கெடைக்கும், நம்ம வீட்டுல இனி ஒரு ஆளு இந்த வெடிமருந்தத் தொடக்கூடாதுன்னுதான. நம்ம அப்பாவ அதுல பறிகுடுத்தது பத்தாதா?”

மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். டிவியில் அத்தனை குத்து வாங்கியும் அழாத மனுஷன். தோற்றதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன், பாவமாக இருந்தது. நல்ல கையால் அவர் தலையைத் தடவினேன்.

“அழாதீக மாமா. அடுத்த தடவ ஒருத்தனையும் வெடி போட விடமாட்டேன். நீங்க ஜெயிச்சிருவீக.”

அவர் இன்னும் அதிகமாக அழுதார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.