வானிலை சார் நடத்திய பாடம்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் வெள்ளை உடுப்பு போட்ட யாரை நிறுத்திக் கேட்டாலும் என் அக்கா புருஷனைத் தெரியும் என்பார்கள். எனக்கு அவர் அத்தான், அவர்களுக்கு 'வானிலை சார்'. டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு, மார்க்கு காலை வாரிவிட, இங்கிலீஷ் எம்.ஏ.வில் போய் விழுந்தவர். வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுதும் நர்சுகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்துவிட்டது. பிளைவுட் கடைக்கு மேலே வகுப்பு. கீழே பலகை அறுக்கும் சத்தம், மேலே இவர் தொண்டை கிழியும் சத்தம்.

முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான். உடம்பு சரியில்லை என்பதை ஆங்கிலக்காரன் 'வானிலைக்கு அடியில் இருக்கிறேன்' என்பான் என்று ஆரம்பிப்பார். பட்டப்பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. நோயையும் வைத்தியத்தையும் வைத்து அந்த மொழியில் எத்தனை பேச்சு உண்டோ அத்தனையும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆபத்து தாண்டாதவர் 'இன்னும் காட்டை விட்டு வெளியே வரவில்லை'. கல்லுக்குண்டு மாதிரி இருப்பவர் 'பிடில் போல' இருக்கிறார். செத்தவர் 'வாளியை உதைத்துவிட்டார்'. இதைக் கேட்டால் மட்டும் அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

"எதுக்கு வாளியை உதைக்கணும்? நம்ம ஆளுங்க மாதிரி பேசாம மண்டையைப் போட வேண்டியதுதானே?" என்பாள். அத்தான் மறுநாள் வகுப்பில் அதைத் தன்னுடைய ஜோக்காக எடுத்துவிடுவார்.

பரீட்சையில் ஒரு கட்டம் உண்டு. நோயாளியின் சொந்தக்காரரிடம் கெட்ட செய்தி சொல்வது போல் நர்சு பேசிக் காட்ட வேண்டும். அந்தச் சொந்தக்காரராக அத்தான்தான் நடிப்பார். மேஜையைக் குத்துவார், கண்ணைக் கசக்குவார், "உண்மையைச் சொல்லுங்க சிஸ்டர்!" என்று கத்துவார். நர்சு அசையக் கூடாது. முதலில், இதுவரை என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். பிறகு நயமான வார்த்தைகளால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். சாவு என்ற சொல் நர்சின் வாயிலிருந்து வரவே கூடாது என்பது பரீட்சைக்காரர்கள் போட்ட விதி அல்ல, அத்தான் போட்டது. நான் லிப்ட் மெக்கானிக். ஓடும், ஓடாது, இந்த இரண்டைத் தவிர எனக்கு வேறு பேச்சு கிடையாது. அந்த நடிப்பை ஒருநாள் பார்த்துவிட்டு, "இப்படிச் சுத்தி வளைச்சா கேக்கறவனுக்கு என்ன அத்தான் புரியும்?" என்று கேட்டேன்.

"உனக்கு நாசூக்கு தெரியாது மாப்ளே" என்றார்.

அந்த நாசூக்கு துளியும் வராத ஒருத்தி அவரிடம் படித்தாள். பட்டாசு என்று கூப்பிடுவார்கள். அவர் மேஜையைக் குத்தியதும், "உங்க வீட்டுக்காரம்மா பொழைக்க மாட்டாங்க, ஆக வேண்டியதைப் பாருங்க" என்று போட்டு உடைத்துவிட்டாளாம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. அத்தான் விடவில்லை. மாதக்கணக்கில் உட்காரவைத்து அந்த வாயைப் பழக்கினார். பழகிக்கொண்டாள். ஆனாலும் வெளிநாடு போகாமல் இங்கேயே ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்துவிட்டாள்.

அந்தப் பிரிவில்தான் போன வாரம் அக்காவைச் சேர்த்தோம். வயிற்றில் சீழ் கட்டி, அது ரத்தத்தில் கலந்துவிட்டது. வயிற்று வலி என்று வாசற்படி ஏறியவளுக்கு மறுநாளே மூச்சுக்குக் குழாய். நான் மருந்துக்கடைக்கும் வார்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். அத்தான் மட்டும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தரையோடு முடுக்கிய நாற்காலியில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் இங்கிலீஷ் வாத்தியார் என்று தெரிந்ததும் டாக்டரும் இங்கிலீஷுக்கு மாறிவிட்டார். நல்ல கைகளில் இருக்கிறார். போராடுகிறார். ஒவ்வொரு நாளாகப் பார்ப்போம். சௌகரியமாக வைத்திருக்கிறோம். இப்படியே ஓடியது பேச்சு. எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. அத்தான் மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"என்ன நயமாப் பேசுறார் பாத்தியா மாப்ளே! ஒரு வார்த்தை பிசகல."

"அக்கா எப்படி இருக்கான்னு சொன்னாரு?"

"அதான் சொன்னாரே, போராடுறாளாம். தேறிடுவா."

ஊருக்கெல்லாம் இந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தவர். எந்த நேரத்தில் எடுத்து வீச வேண்டும் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியவர். தன் பெண்டாட்டி உள்ளே கிடக்கும்போது அதே வார்த்தைகளுக்கு மார்க்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். படித்தவர் சொல்கிறாரே என்று நம்பினேன்.

கடல் தாண்டி வேலை பார்க்கும் மகள் அழுதுகொண்டே போன் செய்தாள். "கிளம்பி வரட்டுமாப்பா?"

"எதுக்கும்மா? அம்மா நல்ல கைகள்ல இருக்கா. லீவைக் கெடுத்துக்காதே" என்றார் அத்தான்.

அதற்கு இரண்டாம் நாள் காலையில், அக்காவுக்குச் சிறுநீரும் நின்றுவிட்டது என்று உள்ளிருந்து சொல்லி அனுப்பினார்கள். டாக்டர் வந்தார், அதே நயம், அதே வார்த்தைகள். இந்தத் தடவை அத்தான் முகம் மலரவில்லை. உதடு மட்டும் அந்த வார்த்தைகளைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தது. திடீரென்று எழுந்து கண்ணாடிக் கதவைத் தட்டினார். வெளியே வந்தது பட்டாசு.

"நான் என் பொண்ணக் கூப்பிடணுமா வேணாமா? அதை மட்டும் சொல்லும்மா. உண்மையைச் சொல்லு."

அவள் முகக்கவசத்தை இறக்கினாள். "சார், அம்மாவைப் பத்தி இதுவரைக்கும் உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க?"

அத்தான் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, நான் சொல்லிக்கொடுத்ததை என்கிட்டயே ஒப்பிக்காதம்மா!"

"இல்ல சார்... கொஞ்சம் கஷ்டமான கட்டத்துல..."

"வேணாம்!" மேஜை இல்லை, சுவரைக் குத்தினார். இது நடிப்பில்லை. விரல் முட்டி தோலுரிந்துவிட்டது. "நீ முன்னாடி எப்படிச் சொல்லுவே? அப்படிச் சொல்லு. உன் கால்ல வேணா விழறேன்."

குனியவே போனார். நான் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாத்தியாரை அப்படிப் பார்க்கும் கொடுமை யாருக்கும் வரக் கூடாது. பட்டாசுக்கு வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. அவர் எப்பேர்ப்பட்ட பூட்டைப் போட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதே நேரம் அவரைக் கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

"அம்மா பொழைக்க மாட்டாங்க சார்" என்றாள் கடைசியில். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "மருந்து எதுவும் கேக்கல. இன்னைக்குத் தாண்டுறதே கஷ்டம்."

அத்தான் தலையை ஆட்டினார். திட்டவில்லை. அழவும் இல்லை. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். ஸ்பீக்கர் பொத்தான் எப்படியோ அமுங்கிவிட்டது, அவர் கவனிக்கவில்லை.

"அம்மாவுக்குக் கொஞ்சம்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். நான் போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். தோலுரிந்த கையால் என்னைத் தள்ளிவிட்டார்.

"அம்மா சாகப் போறாம்மா. நீ வா."

மகள் கேட்டாள்: "முந்தாநாள் ஏம்ப்பா சொல்லல? அப்பவே கிளம்பியிருப்பேனே. இந்நேரம் வந்து சேந்திருப்பேனே."

"முந்தாநாளும் இதையேதான் சொன்னாங்கம்மா. எனக்குத்தான் கேக்கல."

"இப்ப வந்தா... அம்மா என்கிட்டப் பேசுவாங்களா?"

அத்தான் பட்டாசைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"பேச மாட்டாம்மா" என்றார் அத்தான். "உசுரோட இருப்பாளான்னும் தெரியல."