பாலத்தில் ஏறிய சூடு

வேலை தேடித் தீவுக்குப் போன ஒரு காலையில், பட்டர்வொர்த்தில் ஒரு வாடகைக் கார்க்காரர் என்னை ஏற்றிக்கொண்டார். நரைத்த மீசை, ஒடுங்கிய கன்னம். டயாலிசிஸுக்குப் போகும் அவர் மனைவி பின்சீட்டில் சாய்ந்திருந்தார். இஞ்சின் சூட்டைக் கைப்பேசிச் செயலி காட்டிக்கொண்டிருந்தது. கார்க்காரர் மூச்சுக்கு ஒருமுறை அதைப் பார்த்தார்.

தீவுக்குப் போகும் கடற்பாலத்தின் நடுவில் எண் சிவப்பானது. ஏர்கோனை அணைத்தார்.

"அண்ணே, நிறுத்துங்க. இஞ்சின் வெந்துரும் லா," என்றேன்.

"நிறுத்துனா இழுவை வண்டி வர மதியமாயிரும் தம்பி. போன தடவையே இவளுக்குத் தவறிப்போச்சி. இன்னொண்ணு தாங்க மாட்டா."

"நான் சமாளிச்சிக்கிறேன், வண்டியப் பாருங்க," என்றார் மனைவி.

"நீ வாய மூடிட்டு உக்காரு."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓட்டினார்.

மருத்துவமனை வாசலில் கார் புகையோடு தானாகவே நின்றது. அவர்களுக்குச் சோறு போட்டது அந்தக் கார்தான். மனைவியைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். அந்த மனிதரின் முகத்தில் அப்போது இருந்தது நிம்மதிதானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.