மழைக்குக் காத்திருந்தவர்

மாத்தளைச் சந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் அவரைப் பார்ப்பேன். முழங்கால்வரை மடித்துவிட்ட கால்சட்டை, கையில் பெரிய கறுப்புக் குடை. எல்லாரும் மரக்கறியைப் பார்க்க, அவர் வானத்தைப் பார்ப்பார்.

"என்னண்ணே, ஒண்ணும் வாங்கலையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மழை வரட்டும் தங்கச்சி. நனைஞ்ச கீரையைத் திருப்பித் தூக்கிட்டுப் போக யாருக்கு மனசு வரும்? பாதி விலைக்குக் குடுத்துருவாங்க. சத்து குறைஞ்சா போகுது?"

சொல்லி வாய் மூடுவதற்குள் மழை கொட்டியது. குடையை விரித்துக்கொண்டு நேரே கீரைக்கார அம்மாவிடம் போனார். அந்த அம்மா வல்லாரையும் பொன்னாங்காணியும் கட்டி முடிக்கும்வரை குடை அம்மாவின் தலைக்கு மேலேதான் இருந்தது; இவர் நனைந்தார். பாதி விலைதான், அதோடு ஒரு கட்டு சும்மாவும் கிடைத்தது. சிரித்துக்கொண்டே எல்கடுவ பஸ்ஸில் ஏறினார்.

விலையைக் குறைத்தது மழையா, குடையா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.